சுத்திகரிச்சுத்தானே விடுவாங்கள்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். இடம் வெள்ளாங்குளம் சந்தித் தேநீர்க்கடை. மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் ஏ-32 வீதியில், துணுக்காய்ப் பக்கம் ஒரு வீதி கிழக்கே பிரிகிற இடம் அது. பேச்சு, மன்னார்க் கரையிலுள்ள விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடத்தில் இறால் பண்ணை அமைக்கும் யோசனையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. "இறால் பண்ணை வந்தா வரட்டுமே தம்பி. மருந்து போட்டாலும் தண்ணியைச் சும்மாவோ கடலுக்க விடப்போறாங்கள்? சுத்திகரிச்சுத்தானே விடுவாங்கள்? இப்ப எல்லாத்துக்கும் மிசின் இருக்கு." பக்கத்து வாங்கில் இருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் ஏறிய கடனை இங்கே தீர்க்கிறேன்.

ஆசிரியரில் பிழையில்லை. அவர் சொன்னதைத்தான் திட்ட அறிக்கைகளும் சொல்கின்றன, செயலமர்வுகளில் காட்டப்படும் வண்ணப் படங்களும் சொல்கின்றன. விலங்குகளுக்கும் இறாலுக்கும் கொடுக்கும் அன்டிபயோட்டிக் மருந்து தண்ணீரில் கலந்தால், குளோரினோ ஓசோனோ புற ஊதாக் கதிரோ அதை "அகற்றிவிடும்" என்பது இன்று படித்தவர்களின் பொது நம்பிக்கை. அந்த "அகற்றிவிடும்" என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

ஆய்வுகூடத்தில் ஒரு மருந்தைத் தேடும் கருவி, அந்த மூலக்கூறின் எடையை வைத்துத்தான் தேடுகிறது. குறித்த எடையுள்ள மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் கணக்குச் சொல்லும். அதே மூலக்கூறில் ஓர் ஒட்சிசன் அணு போய் ஒட்டிக்கொண்டால் எடை 16 அலகு கூடிவிடும். கருவி "இல்லை" என்று சொல்லும். அறிக்கையில் "99 வீதம் அகற்றப்பட்டது" என்று ஏறும். கிராம அலுவலரின் பதிவேட்டில் ஒருவர் பெயர் வெட்டப்பட்டால் ஆள் செத்துவிட்டார் என்று அர்த்தமா? அடுத்த பிரிவுக்குக் குடிபோயிருப்பார். வெள்ளாங்குளத்து மக்கள் 2008இல் போரினால் ஊரோடு இடம்பெயர்ந்தவர்கள். பட்டியலில் இல்லாதவன் உலகத்திலும் இல்லாதவன் என்று எழுதுவது எப்படிப்பட்ட கணக்கு என்று இவர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

இது வெறும் உவமையல்ல. இறால் வியாபாரத்திலேயே நடந்தது. நைட்ரோபியூரான் என்ற மருந்து வகை உயிரின் உடலில் சில மணிநேரத்தில் சிதைந்துவிடும். பழைய சோதனைகள் மூல மருந்தைத் தேடின, காணவில்லை. பிறகு ஐரோப்பிய ஆய்வாளர்கள் அந்த மருந்தின் சிதைவு எச்சத்தைத் தேடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். எச்சமோ தசையோடு பிணைந்து வாரக்கணக்கில் கிடக்கும். 2002ஐ ஒட்டி ஆசிய நாடுகளிலிருந்து போன இறால் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பப்பட்டது இப்படித்தான். மருந்தைத் தேடாதே, மருந்து என்னவாக மாறியதோ அதைத் தேடு என்று தட்டில் வரும் இறைச்சிக்கு உலகம் அன்றே விதி எழுதிவிட்டது. அதே இறால் நீந்திய தண்ணீருக்கு மட்டும் இன்னும் பழைய விதிதான். ஐரோப்பாவில் தின்பவருக்கு ஒரு சோதனை, இங்கே களப்பில் வலை வீசுபவருக்கு ஒரு சோதனையுமில்லை.

வீட்டுக்கிட்ட வருவோம். வெள்ளாங்குளத்தில் மாமி ஒருவர் முற்றத்தில் முப்பது கோழி வளர்க்கிறார். கோழி தூங்கி விழத் தொடங்கினால் மஞ்சள் தூள் ஒன்று வாங்கி வந்து வாளித் தண்ணீரில் கரைத்து வைப்பார். ஒக்சிடெட்ராசைக்கிளின். காலையில் வைத்த வாளி எலுமிச்சை நிறத்தில் இருக்கும். வெய்யில் ஏற ஏற மங்கி, மதியம் தாண்டும்போது வெறும் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். "மருந்து வெய்யிலில செத்துப்போச்சு, இனிக் குடிச்சாலும் ஒண்டும் செய்யாது" என்று சொல்லி அந்தத் தண்ணீரைக் கத்தரிக் கன்றடியில் ஊற்றுவார். கிருமியைக் கொல்லும் வீரியம் குறைந்துவிட்டது என்ற அளவில் மாமி சொல்வது சரி. ஆனால் அந்தப் பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது? ஒன்றும் இல்லாமல் போன பொருளுக்கு நிறம் வராது.

டெட்ராசைக்கிளின் சிதைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வைத்தியத்தில் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1963இல் அமெரிக்காவில் காலாவதியான டெட்ராசைக்கிளின் குளிசை குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்து, குளுக்கோசும் அமினோ அமிலமும் சிறுநீரோடு போகத் தொடங்கின. வைத்தியர்கள் பன்கோனி நோய்க்குறி என்று அழைப்பது இதை. காரணம் டெட்ராசைக்கிளின் அல்ல. அது பழுதாகும்போது உண்டாகும் எபிஅன்ஹைட்ரோடெட்ராசைக்கிளின். மருந்தாகச் செத்தது, நஞ்சாகப் பிழைத்தது. குளிசையில் இருந்த அளவு வாளித் தண்ணீரிலும் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. சிதைந்தால் சாதுவாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இரசாயனவியலில் ஆதாரம் கிடையாது என்பதே என் வாதம்.

இனிச் சுத்திகரிப்பு மிசினுக்கு வருவோம். அது செய்வதும் வாளியில் வெய்யில் செய்த வேலைதான், கொஞ்சம் வேகமாக. ஓசோன், புற ஊதா, ஐதரசன் பேரொட்சைட்டு எல்லாம் மூலக்கூறை ஓரிடத்தில் கடித்து உடைக்கின்றன. உடைந்த துண்டு மறுபடி உடையும், அந்தத் துண்டு மறுபடி. கடைசியில் காபனீரொட்சைட்டும் தண்ணீரும் சில உப்புகளும் மட்டும் மிஞ்சினால்தான் வேலை முடிந்தது. மூல மருந்து மறைவதற்குச் சில நிமிடம் போதும். முழுதும் முடிய மணிக்கணக்கில் ஆகும், மின்சாரமும் அதற்கேற்றபடி. இடையில் நிறுத்தினால் கையில் இருப்பது அரைவேக்காடு. ஒளி உமிழும் கடல் பக்டீரியா ஒன்றைச் சுத்திகரித்த தண்ணீரில் விட்டு, அதன் வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அன்டிபயோட்டிக் மருந்துகளில் இதைச் செய்துபார்த்த பல ஆய்வுகளில் ஒரே கதைதான்: மருந்து குறையக் குறைய முதலில் வெளிச்சம் கூடுதலாக மங்குகிறது, பிறகு நெடுநேரம் கழித்துத்தான் தேறுகிறது. நடுவழியில் உண்டான துண்டுகள் தாயைவிடக் கொடியவை. பண்ணைக்காரர் மின்பட்டியலைப் பார்த்து மிசினை எந்த இடத்தில் நிறுத்துவார் என்று நினைக்கிறீர்கள்? "மருந்து இல்லை" என்று கருவி சொன்ன அந்த நிமிடத்தில். 

சல்பா மருந்துகள் இன்னும் வேடிக்கை. விலங்கின் ஈரல் அதற்கு ஓர் அசற்றைல் முடிச்சுப் போட்டு, செயலிழக்கச் செய்து வெளியே அனுப்பும். கழிவுநீரிலுள்ள பக்டீரியா அந்த முடிச்சை அவிழ்த்துவிடும். மருந்து பழையபடி உயிர்த்தெழும். சில சுத்திகரிப்பு நிலையங்களில் உள்ளே போன சல்பாவைவிட வெளியே வந்த சல்பா அதிகமாக அளக்கப்பட்டது இதனால்தான்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. மன்னார்க் கரைக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. கொழும்பில் தயாராகும் திட்ட அறிக்கைகள் அதை ஒரு வரியிலாவது தொட்டு நான் கண்டதில்லை. அதன் பெயர் புரோமைட்டு.

கடல் தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைட்டு இருக்கிறது. அது தானாக யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தத் தண்ணீரில் குளோரினைப் போட்டால், குளோரின் முதலில் புரோமைட்டைத்தான் பிடிக்கும், ஐப்போபுரோமசமிலமாக மாற்றும். அது தண்ணீரிலுள்ள சேற்றுச் சத்து, இறால் தீவன மிச்சம், மருந்து எல்லாவற்றோடும் குளோரினைவிட வேகமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். சல்பாவின் வளையத்திலும் டெட்ராசைக்கிளினின் வளையத்திலும் புரோமின் ஏறிய புதுப்புது மூலக்கூறுகள் பிறக்கும். குளோரின் இப்படித் துணைப் பொருட்களை உண்டாக்குகிறது என்பதை 1974இல் ரொட்டர்டாம் குடிநீரில் கண்டு சொன்னவர் யொஹானஸ் றூக். அதன் பின்னர் வந்த ஐம்பது வருட ஆய்வு சொல்வது, குளோரின் ஏறிய துணைப் பொருட்களைவிடப் புரோமின் ஏறியவை பொதுவாக உயிரணுக்களுக்கு அதிக நஞ்சு என்பதே. ஓசோனைப் போட்டால் கதை வேறு; புரோமைட்டு புரோமேற்று ஆகும். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள் அது. குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு.

நம்முடைய கிணறுகளை நினைத்துப்பாருங்கள். மாரியில் நல்ல தண்ணீர், ஆடி ஆவணியில் உவர். நூறு பங்கு கிணற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு கடல் தண்ணீர் கலந்தால் நாக்குக்கு உவர்ப்புத் தெரியாது. ஆனால் அதற்குள் லீற்றருக்கு 0.65 மில்லிகிராம் புரோமைட்டு வந்துவிட்டது. இறால் தொட்டியிலோ நூற்றுக்கு ஒன்று அல்ல, பாதிக்கு மேலேயே கடல் தண்ணீராக இருக்கலாம். இந்தத் தண்ணீருக்குத்தான் குளோரினும் ஓசோனும் போட்டு "சுத்திகரித்து" விடப்போகிறார்கள்.

சுவிற்சர்லாந்துக்காரர் முட்டாள்கள் அல்லர். 2016இல் மருந்து எச்சங்களைக் கழிவுநீரிலிருந்து எடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவர்கள். ஓசோன் போடத் தீர்மானிக்கும் முன், அந்தத் தண்ணீர் ஓசோனுக்கு ஏற்றதா என்று சோதிக்கிறார்கள். புரோமைட்டு அதிகமென்றால் ஓசோனை விட்டுக் கரித்தூளுக்குப் போகிறார்கள். ஓசோன் போட்ட இடத்திலும் பின்னால் மணல் வடி போன்ற உயிர்வடி வைத்து, உடைந்த துண்டுகளை நுண்ணுயிர்களுக்குத் தின்னக் கொடுக்கிறார்கள். கடலே இல்லாத நாடு இவ்வளவு பயப்படுகிறது. கடலையே தொட்டியில் நிரப்பும் நாம் பயப்படவில்லை.

கரித்தூளும், மென்சவ்வால் வடிக்கும் ஆர்.ஓ. மிசினும் எதையும் உடைக்காமல் பிரித்தெடுக்கின்றன, அதனால் துணைப் பொருள் பிரச்சினை இல்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் பிரித்தெடுத்தது எங்கே போகிறது? வடக்கில் ஊருக்கு ஊர் ஆர்.ஓ. குடிநீர் நிலையம் வந்துவிட்டது. மூலையில் ஒரு குழாய் எந்நேரமும் வாய்க்காலுக்குள் ஒழுகிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரித்தெடுத்தது அங்கேதான் போகிறது.

"ஆலை இருக்கிறது, ஆகவே ஆபத்தில்லை" என்ற வாதத்துக்கு மிகப் பெரிய அடி ஐதராபாத்துக்குப் பக்கத்திலுள்ள பட்டான்செருவில் விழுந்தது. சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் அங்கே இருந்தது. சுவீடனைச் சேர்ந்த யோவக்கிம் லார்சனின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், நிலையத்திலிருந்து வெளியே விடும் தண்ணீரில் லீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபுளொக்சசின் இருந்தது. அந்த மருந்தைக் குடித்த நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் என்ரோபுளொக்சசினும் கூடவே இருந்தது. கள்ளமாக ஆற்றில் விட்ட கழிவில் அல்ல, சுத்திகரிப்பு முடித்து விட்ட தண்ணீரில். அங்கேயும் யாரோ ஒரு சந்தியில் ஒருவர் "சுத்திகரிச்சுத்தானே விடுறாங்கள்" என்று சொல்லியிருப்பார், தெலுங்கில்.

எதிர்வாதங்களை ஒளிக்கப்போவதில்லை. முதலாவது: தண்ணீரில் இருக்கும் அளவு நுண்ணியது, மனிதனை என்ன செய்யும்? ஒரு கிண்ணம் தண்ணீர் குடிப்பவருக்குப் பெரும்பாலும் நேரடியாக ஒன்றும் செய்யாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் களப்பில் முதலில் அடிபடுவது மனிதன் அல்ல. பாசி, நீலப்பச்சை நுண்ணுயிர், இறால் குஞ்சு, கடற்புல்லின் வேரடியில் வாழும் பக்டீரியா. விடத்தல்தீவுப் பரவைக்கடலில் மீனும் நண்டும் கடற்புல்லையும் கண்டலையும் நம்பித்தான் இருக்கின்றன. ஆவுளியா என்ற கடற்பசுவுக்குச் சாப்பாடே கடற்புல்தான்.

இரண்டாவது வாதம் ஆபத்தானது, ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: "அப்படியானால் கிணற்றுக்குக் குளோரின் போடவேண்டாமா?" போடுங்கள். வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து போட்டால் தடுக்காதீர்கள். வாந்திபேதி நாளைக்கே கொல்லும். துணைப் பொருளின் பயம் நெடுங்காலக் கணக்கு. குடிதண்ணீரில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் வேறு, மருந்தும் தீவனமும் கலந்த இறால் தொட்டித் தண்ணீரை "மருந்தை அகற்ற" என்று குளோரினில் முக்குவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

மூன்றாவதாக ஒருவர் சொல்வார்: டெட்ராசைக்கிளின் கடல் தண்ணீரில் வீரியம் இழந்துவிடும் என்று புத்தகத்திலேயே இருக்கிறதே. இருக்கிறது. கடலிலுள்ள மக்னீசியமும் கல்சியமும் அதைக் கட்டிப்பிடித்துவிடும். டெட்ராசைக்கிளின் குளிசையைப் பாலோடு குடிக்காதே என்று பாமசிக்காரர் சொல்வதும் இதே காரணத்தால்தான். கட்டிப்பிடிபட்ட மருந்து எங்கே போகும்? சேற்றுக்குள் இறங்கும். நோர்வேயில் சால்மன் கூடுகளுக்குக் கீழே உள்ள சேற்றில் ஒக்சிடெட்ராசைக்கிளின் மாதக்கணக்கில் கிடந்தது எண்பதுகளின் இறுதியிலேயே அளக்கப்பட்டது. நம் கரையில் சேற்றைக் கிளறி நண்டும் மட்டியும் எடுப்பவர்கள் பெண்கள்.

நோர்வேயை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1987இல் அந்த நாட்டின் சால்மன் பண்ணைகள் ஏறத்தாழ 50 தொன் அன்டிபயோட்டிக் கொட்டின. பத்து வருடத்துக்குள் அது ஒன்றிரண்டு தொன்னுக்கு இறங்கியது. மீன் உற்பத்தியோ பல மடங்கு ஏறியது. கூட்டுக்குக் கீழே மிசின் வைத்து மருந்தை அகற்றியா இது நடந்தது? இல்லை. மீனுக்குத் தடுப்பூசி போட்டார்கள், கூடுகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். சீனாவில் பன்றிகளிடம் கொலிஸ்டின் மருந்தை எதிர்க்கும் மரபணு ஒன்று பரவுவது 2015 நவம்பரில் வெளியானது. 2017இல் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தினார்கள். அந்த மரபணு குறைந்ததைப் பிறகு அளந்தும் காட்டினார்கள். இந்தியா 2019இல் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடைசெய்தது. மருந்து தண்ணீருக்குள் வராமல் தடுத்த இடங்களில்தான் பலன் கிடைத்திருக்கிறது.

இறாலுக்குத் தடுப்பூசி சரிவராது, அதன் உடல் மீனின் உடல்போல நோயை நினைவில் வைத்துக்கொள்ளாது. ஆனால் புத்தளம், சிலாபம் பண்ணைகளின் கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து தொட்டி தொட்டியாக இறால் செத்தது. அது வைரசு, அன்டிபயோட்டிக் அதன் மயிரைக்கூடத் தொடாது. நோய் பரவியதற்குப் பெரிய காரணம், பண்ணைகள் எல்லாம் ஒல்லாந்தர் வாய்க்காலிலிருந்தே தண்ணீர் எடுத்து அதே வாய்க்காலுக்குள் கழிவை விட்டது. பிறகு பாடம் படித்தார்கள்: குஞ்சு வாங்கும்போதே பிசிஆர் சோதனை, எந்த வலயம் எப்போது தொட்டி நிரப்பலாம் என்று பயிர் நாட்காட்டி. இவை மிசின்கள் அல்ல. ஒழுங்கு.

விடத்தல்தீவில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேநீர்க்கடையில் ஆளுக்கொரு கதை. 2016இல் 29,180 ஹெக்டேயர் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2024 மே மாதம் வனசீவராசிகள் அமைச்சரின் வர்த்தமானி ஒன்று அதிலிருந்து 168 ஹெக்டேயரை வெட்டி எடுத்தது, நீருயிரின வளர்ப்புக்காக. சூழல் அமைப்புகள் வழக்குப் போட, யூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வர்த்தமானியை இடைநிறுத்தியது. 29,180இல் 168 என்ன பெரிது என்று கேட்பவருக்கு: தொட்டி அந்த 168க்குள் நிற்கும், தொட்டித் தண்ணீர் நிற்காது.

அன்று பதில் சொல்லியிருந்தாலும் ஆசிரியர் என்னை விட்டிருக்கமாட்டார். "அப்ப பண்ணையே வேண்டாமெண்டு சொல்லுறியளோ தம்பி? இஞ்ச பொடியளுக்கு வேலை இல்லை" என்று அடுத்து கேட்டிருப்பார். நியாயமான கேள்வி. ஒதுக்கிடத்துக்குள் வேண்டாம் என்பேன். வெளியே, சரியான இடத்தில் வரட்டும். ஆனால் கேள்வியை வெளியேறும் குழாயின் வாயில் நின்று கேட்காதீர்கள், தீவன மூட்டை இறங்கும் இடத்தில் நின்று கேளுங்கள். எந்தத் தொட்டிக்கு எந்த நாளில் எந்த மருந்து, மிருக வைத்தியரின் கையெழுத்து எங்கே? குஞ்சு சோதித்த பத்திரம் எங்கே? வெளியே விடும் தண்ணீரில் மூல மருந்தை மட்டுமா அளக்கிறீர்கள், அந்த வெளிச்சப் பக்டீரியாவையும் விட்டுப் பார்க்கிறீர்களா? குளோரினும் ஓசோனும் எழுதியிருந்தால், புரோமைட்டு எவ்வளவு என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு அறிக்கையில் பக்கமே இல்லையென்றால், அறிக்கை எழுதியவர் இந்தக் கடலை வந்து பார்க்கவில்லை.